ரிப்போர்ட் நார்மல், வலி நிஜம்

ஈரத் துண்டைப் பிழிந்தால் மணிக்கட்டிலிருந்து தோள்வரை எரியும். காலையில் எழும்போது முந்தின நாள் முழுக்க நாற்று நட்டவள் மாதிரி உடம்பு கிடக்கும். இரண்டு வருடம் இப்படி. இதற்குப் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெங்கும் வலிக்கும் நோய். ரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர் 14, சிஆர்பி இரண்டும் நார்மல், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். "ஒண்ணுமே இல்லையே" என்று வீட்டில் சொன்னபோது அழுதேவிட்டேன்.

முதலில் அந்தச் சீட்டைப் படிக்கப் பழகுங்கள். ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் அழற்சியைக் காட்டும், வலியை அல்ல. 1904இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கவர்ஸ் இந்த மாதிரித் தசைவலிக்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்', அதாவது நார்த்திசு அழற்சி என்று பெயர் வைத்தார். தசையை எடுத்துச் சோதித்தால் அப்படி அழற்சி தென்படவில்லை. பிற்பாடு 1976இல் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வந்தது. கோளாறு, வலியை உணரும் நரம்பு மண்டலத்தில். அதற்காக அழற்சிக்குச் சம்பந்தமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. 2019இல் வெளிவந்த, மூளையைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் ஆய்வில், நோயாளிகளின் மூளையில் நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் கிளியா செல்கள் கிளர்ந்திருப்பதற்கான, அதாவது ஒருவகை அழற்சிக்கான, அடையாளம் தெரிந்தது. அது எந்த ரத்தச் சீட்டிலும் வராது.

சரி, மருந்து. கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கி வயிறு எரிந்ததுதான் நான் கண்ட பலன். வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் ஸ்டீராய்டும் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. (ஸ்டீராய்டு ஏற்கெனவே எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) நரம்பு மண்டலத்தில் வேலை செய்யும் ப்ரீகாபலின், டுலாக்ஸெடின், இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் 2016இல் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்று: உடற்பயிற்சி. மொட்டை மாடியில் 5 நிமிடம் நடந்து தொடங்கினேன். ஒரு வாரம் அதே 5. அடுத்த வாரம் 6. வலி கூடினால் நிறுத்தாமல், முந்தைய வார அளவுக்கு இறங்கினேன். இதில் நல்ல நாள்தான் ஆபத்து. ஒருநாள் உடம்பு லேசாக இருக்கிறதே என்று நாலு போர்வையும் துவைத்தேன். அப்புறம் மூன்று நாள் படுக்கை. இப்போது துண்டைக்கூடப் பிழிவதில்லை, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிடுகிறேன்.

மூட்டு வீங்கிச் சுட்டால், காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். ஃபைப்ரோமயால்ஜியாதான் என்று முன்பே சொல்லியிருந்தாலும் போங்கள். முடக்குவாதமும் இதுவும் ஒரே ஆளுக்கு வரலாம்.