வேல்ஸ் மாணவர்களுக்கான உயர்கல்விப் பண உதவி: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

தெரிந்தவர் ஒருவர் தன் மகளுக்கு விண்ணப்பம் போடும்போது பெற்றோர் வருமானப் பகுதியை அப்படியே விட்டுவிட்டார். "நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், நமக்கு எங்க மானியம் கொடுக்கப் போறாங்க" என்பது அவர் கணக்கு. பணம் வந்தது, முழுசாகவே வந்தது. அதனால்தான் என்ன நடந்தது என்றே வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மானியமாக வந்திருக்க வேண்டிய ஒரு பங்கு கடனாக வந்திருந்தது.

வேல்ஸ் திட்டத்தின் சூட்சுமமே இதுதான். வாழ்க்கைச் செலவுக்குத் தரும் மொத்தத் தொகை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்று. அதில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்பதை மட்டுமே குடும்ப வருமானம் முடிவு செய்கிறது. சர் இயன் டயமண்ட் தலைமையில் நடந்த ஆய்வுக்குப் பிறகு, 2018-இல் வந்த ஏற்பாடு இது.

படி 1: நீங்கள் வேல்ஸ் மாணவர்தானா?

எங்கே படிக்கிறீர்கள் என்பது இங்கே கணக்கில்லை. எங்கே வசிக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். கார்டிஃபில் வசித்து மான்செஸ்டருக்குப் படிக்கப் போனாலும், வேல்ஸ் மாணவர்களுக்கு இந்தப் பண உதவியைத் தரும் 'ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் வேல்ஸ்'தான் உங்களுக்கு. பிரிஸ்டலில் இருந்து படிப்புக்காக மட்டும் கார்டிஃப் வந்தவருக்கு இங்கிலாந்துத் திட்டம். பொதுவாக பிரிட்டனில் மூன்று ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. சிறு வயதிலேயே வந்து இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு 'நீண்டகால வசிப்பு' என்று தனி வழி ஒன்று உண்டு. வேலை விசாவில் இருக்கும் நம் குடும்பங்கள் அதை விசாரித்துப் பார்க்கலாம்.

படி 2: எவ்வளவு வரும்?

கல்விக் கட்டணத்துக்கு 9,535 பவுண்டு வரை கடன். வருமானம் பார்ப்பதில்லை, பணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். (இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் முழுநேர இளநிலைப் படிப்புக்கு, 2025–26 கல்வியாண்டுக்கு உரியவை.)

வாழ்க்கைச் செலவுக்கு, வீட்டைவிட்டு வெளியே தங்கிப் படித்தால் ஆண்டுக்கு 12,345 பவுண்டு. லண்டன் என்றால் 15,415. பெற்றோருடன் தங்கினால் 10,480.

வெளியே தங்குபவரையே எடுத்துக்கொள்வோம். குடும்ப வருமானம் 18,370 அல்லது அதற்கும் கீழே என்றால் 8,100 மானியம், மீதி 4,245 மட்டும் கடன். 25,000 என்றால் மானியம் 6,947. 45,000 என்றால் 3,469. வருமானம் 59,200-ஐத் தொட்டாலும் தாண்டினாலும் 1,000 மானியம் உண்டு. வருமான விவரமே கொடுக்காதவருக்கும் அந்த 1,000தான். நான் முதலில் சொன்ன குடும்பத்தின் வருமானம் 45,000. கணக்குப் போட்டால் 2,469 பவுண்டு அந்தப் பெண்ணின் தலையில் கடனாக ஏறியிருந்தது, அதுவும் ஒரே ஆண்டில்.

படி 3: விண்ணப்பம்

இடம் உறுதியாகும்வரை காத்திருக்காதீர்கள். மனதில் இருக்கும் படிப்பைப் போட்டு அனுப்புங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் மாணவர் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். பாஸ்போர்ட் விவரம், தேசியக் காப்பீட்டு எண், மாணவரின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும்.

அடுத்து, பெற்றோர் தங்களுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி வருமானத்தைக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கணக்குக்குள் புகுந்து நிரப்பாதீர்கள். கேட்பது நடப்பு ஆண்டு வருமானம் இல்லை. 2025–26 படிப்புக்கு 2023–24 வரி ஆண்டு. அந்த ஆண்டின் பி-60 தாளை (ஆண்டுச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டி வேலை கொடுத்தவர் தரும் தாள்) தேடி எடுங்கள். அதற்குப் பிறகு வேலை போய், வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், நடப்பு ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடும்படி கேட்கலாம். உங்களை நம்பியிருக்கும் வேறு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 1,130 பவுண்டு வருமானத்திலிருந்து கழிப்பார்கள். அந்தக் கட்டத்தையும் நிரப்புங்கள்.

படி 4: பணம் வருவது, திரும்பப் போவது

பருவத்துக்கு ஒன்றாக மூன்று தவணை. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து முடித்த பிறகே முதல் தவணை வரும். ஆகவே முதல் சில நாள் சாப்பாட்டுக்கும், முன்பணம் கேட்கும் வீட்டு உரிமையாளருக்கும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

கடனை நினைத்து ரொம்பக் கலங்க வேண்டாம். வட்டி உண்டுதான். ஆனால் 2025–26 வரி ஆண்டில் 28,470 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் பிடித்தம், அதுவும் அந்த வரம்புக்கு மேலே உள்ள பணத்தில் 9 சதவீதம். 30,470 சம்பளம் என்றால் மாதம் 15 பவுண்டு. 30 ஆண்டுகளில் மிச்சம் இருப்பது தள்ளுபடியாகிவிடும்.

இன்னும் சில

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் பார்ப்பதில்லை. நர்ஸிங் போன்ற படிப்புகளுக்கு என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வேல்ஸ் உதவித்தொகை இருக்கிறது, ஆனால் படித்து முடித்து வேல்ஸிலேயே வேலை பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் வெல்ஷ் மொழியில் படித்த பிள்ளை என்றால், பட்டப்படிப்பில் ஒரு பகுதியை வெல்ஷில் படிப்பதற்கு வெல்ஷ் வழி உயர்கல்விக்கான அமைப்பான 'கோலெக் கம்ராயெக்' தரும் உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள்.

இது ஆண்டுதோறும் போட வேண்டிய விண்ணப்பம். இரண்டாம் ஆண்டில் வீட்டிலிருந்து வாடகை அறைக்கு மாறினால் தொகையும் மாறும், அதைத் தெரிவிக்க வேண்டியவர் நீங்கள்தான்.