சிகேஏ தேர்வில் இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

பாடம் நன்றாகத் தெரிந்தவர்களே சிகேஏ (CKA, கூபர்னெட்டீஸ் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்) தேர்வில் கோட்டைவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆபீசில் தினமும் கூபர்னெட்டீஸ் (கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டரோடு, அதாவது அது இயங்கும் கணினித் தொகுப்போடு, மல்லுக்கட்டுகிறவராக இருப்பார், ஆனால் பரீட்சையில் ஒரே கேள்வியில் இருபது நிமிடம் சிக்கிக்கொண்டு கடைசி நாலைந்து கேள்விகளைத் தொடாமலேயே வந்துவிடுவார். சரியான விடையை டிக் அடிக்கிற தேர்வு இல்லை இது. டெர்மினலில் உட்கார்ந்து நிஜ கிளஸ்டரில் வேலையைச் செய்து முடிக்க வேண்டும், அதனால் பாடத்துக்குத் தயாராவது போலவே நேரத்துக்கும் தனியாகத் தயாராக வேண்டும்.

முதலில் கணக்கு. இரண்டு மணி நேரம், 15 முதல் 20 கேள்விகள், பாஸ் மார்க் 66 சதவீதம். 17 கேள்வி என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஏழு நிமிடம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அந்த 66-ஐ இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள்: மூன்றில் ஒரு பங்கு மார்க் போனாலும் பாஸ்தான். 66 எடுத்தவருக்கும் 96 எடுத்தவருக்கும் ஒரே சான்றிதழ். ஆகவே எதை விடுவது என்று முடிவெடுக்கத் தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

முதல் சுற்றில் வரிசையாகப் போங்கள், ஆனால் கேள்வியைப் படித்த ஒரு நிமிடத்துக்குள் முதல் கமாண்ட் என்னவென்று மனதில் வரவில்லையென்றால் அதற்குக் கொடி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். ஆரம்பித்த பிறகும் எட்டு நிமிடம் தாண்டினால் அப்படியே விட்டு நகருங்கள். இவ்வளவு செய்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தில்தான் அடுத்த இரண்டு எளிய கேள்விகளின் நேரம் கரைகிறது. ஒரு டிப்ளாய்மென்ட்டின் (ஒரு செயலியை இத்தனை பிரதிகளாக ஓட்டு என்று சொல்லும் அமைப்பு) ரெப்ளிகா, அதாவது பிரதி, எண்ணிக்கையை மாற்றுவது, ஒரு சர்வீஸை (செயலியை அடையும் முகவரி) வெளியே திறந்துவிடுவது மாதிரியானவை இரண்டு நிமிட வேலை, அவை கேள்வித்தாளின் கடைசியிலும் இருக்கலாம்.

அடுத்தது டைப் அடிக்கும் நேரம். யாம்ல் (YAML, அமைப்பு விவரங்களை எழுதும் வடிவம்) கோப்பை ஒன்றாம் வரியிலிருந்து கையால் எழுதவே எழுதாதீர்கள். குபெக்டிலில் (kubectl, கிளஸ்டருக்குக் கட்டளையிடும் கருவி) டிரை-ரன் (நிஜமாக உருவாக்காத ஒத்திகை) போட்டு யாம்ல் வடிவில் கோப்பில் இறக்கி, வேண்டிய இரண்டு வரியை மட்டும் மாற்றுங்கள். பாட் (கன்டெய்னர்களை ஓட்டும் அடிப்படை அலகு), டிப்ளாய்மென்ட், ஜாப், ரோல், ரோல்பைண்டிங், இன்கிரஸ் எல்லாம் இப்படி வந்துவிடும். டீமன்செட்டுக்கு (ஒவ்வொரு கணினியிலும் ஒரு பாட் ஓட்டுவது) நேரடி வழி இல்லை, ஆனால் டிப்ளாய்மென்ட்டை இறக்கி, கைண்ட் என்ற இடத்தில் பெயரை மாற்றி, ரெப்ளிகாஸ், ஸ்ட்ராட்டஜி, ஸ்டேட்டஸ் மூன்றையும் நீக்கினால் வேலை முடிந்தது. நெட்வொர்க் பாலிசி, பெர்சிஸ்டென்ட் வால்யூம் (நிலையான சேமிப்பிடம்), அதன் கிளெய்ம் (அதைக் கேட்கும் கோரிக்கை) ஆகியவற்றுக்கு மட்டும் கூபர்னெட்டீஸ் ஆவணப் பக்கத்திலிருந்து காப்பி எடுத்துதான் ஆக வேண்டும். அவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன, எந்தச் சொல்லைத் தேடினால் முதலில் வரும் என்பதை முன்கூட்டியே பழகிவையுங்கள், ஏனென்றால் உங்கள் சொந்த புக்மார்க் எதுவும் பரீட்சையில் வராது. ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் பயர்பாக்ஸ்தான் கதி, அது சில சமயம் மெதுவாகத்தான் நகரும். பல கமாண்டுகளுக்கு ஹெல்ப் போட்டாலே மேலேயே உதாரணம் காட்டும், அதுவே வேகம். டெர்மினலில் ஒட்டுவதற்கு கண்ட்ரோலோடு ஷிப்டும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது கையில் ஊறியிருக்கட்டும்.

ஏலியாஸ் (கமாண்ட் சுருக்கம்), விம் (டெர்மினல் எடிட்டர்) அமைப்பு என்று முதல் பத்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம். குபெக்டிலுக்குக் கே என்ற சுருக்கமும் டேப் நிரப்பலும் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் வேறொரு இயந்திரத்துக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) மூலம் போக வேண்டியிருப்பதால் நீங்கள் ஓரிடத்தில் போட்ட சுருக்கங்கள் கூடவே வராது. எந்த இயந்திரம் என்பது கேள்வியின் மேலேயே இருக்கும், அதைக் காப்பி செய்து போங்கள், முடிந்ததும் எக்ஸிட் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். முந்தைய கேள்வியின் இயந்திரத்திலேயே அடுத்த விடையைச் செய்துவைத்தால், விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் மார்க் இல்லை.

இனி, நேரத்தை அதிகம் விழுங்கும் பகுதி: பழுது கண்டுபிடிப்பது. மார்க்கில் 30 சதவீதம் இதற்குத்தான், ஸ்டோரேஜுக்கு வெறும் 10. இங்கே குருட்டாம்போக்கில் தேடினால் அரை மணி நேரம் போய்விடும், அதனால் வரிசை ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) ரெடி இல்லை என்று காட்டினால் நேரே அந்த நோடுக்குள் போய் குபெலெட் (அங்கே பாட்களை ஓட்டும் சேவை) ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல்லில் (systemctl, சேவைகளின் நிலையைக் காட்டும் கமாண்ட்) பாருங்கள், ஓடவில்லையென்றால் ஜர்னல்சிடிஎல்லில் (journalctl, அவற்றின் லாகைக் காட்டும் கமாண்ட்) கடைசிச் சில வரிகள் காரணத்தைச் சொல்லிவிடும், பெரும்பாலும் தப்பான கோப்புப் பாதையோ நிறுத்திவைத்த சர்வீஸோதான். குபெக்டிலே பதில் சொல்லாமல் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் பெரும்பாலும் ஏபிஐ சர்வர் (குபெக்டிலின் கட்டளைகளை வாங்கும் மையப் பகுதி) விழுந்திருக்கும். அப்போது குபெக்டிலைத் திரும்பத் திரும்ப அடிப்பதில் பயனில்லை. கிரைசிடிஎல்லில் (crictl, நோடில் உள்ள கன்டெய்னர்களை நேரடியாகப் பார்க்கும் கருவி) நின்றுபோன கன்டெய்னர்களையும் சேர்த்துப் பட்டியல் எடுத்து, ஏபிஐ சர்வர் கன்டெய்னரின் லாகைப் படியுங்கள், அப்புறம் ஈடிசி குபர்னெட்டீஸ் மேனிஃபெஸ்ட்ஸ் (/etc/kubernetes/manifests) கோப்புறையில் இருக்கும் யாம்லைத் திருத்துங்கள். திருத்துவதற்கு முன் அதை வேறு கோப்புறையில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள், அதே கோப்புறையில் வைத்தால் குபெலெட் அதையும் படிக்கப் பார்க்கும்.

திருத்திய பிறகு ஏபிஐ சர்வர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பலர் அந்த நேரத்தில் பயந்துபோய் சரியாக இருந்ததையும் மாற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு அடுத்த கேள்வியைப் படியுங்கள், பிறகு வந்து பாருங்கள். கிளஸ்டர் அப்கிரேட், நோட் டிரெயின் (ஒரு நோடிலிருந்து பாட்களை வெளியேற்றுவது) போன்றவற்றிலும் இதே காத்திருப்பு உண்டு, இதே முறைதான்.

ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் அரை நிமிடம் சோதனைக்கு ஒதுக்குங்கள். பாட் ரன்னிங் நிலையில் இருக்கிறதா, நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்த தனிப் பகுதி) சரிதானா, பெயரில் எழுத்துப் பிழை இல்லையே, இவ்வளவுதான். கடைசியில் மொத்தமாகச் சரிபார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தக் கடைசி வரவே வராது. இரண்டாம் சுற்றுக்கு ஒரு இருபத்தைந்து நிமிடம் மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அதில் கொடி போட்டவற்றில் பாதி முடித்தவற்றை முதலில் எடுங்கள், தொடாதவற்றை அப்புறம்.

இதெல்லாம் கைக்கு வர, கட்டணத்தோடு சேர்ந்து வரும் கில்லர் ஷெல் (Killer Shell, பயிற்சித் தேர்வுத் தளம்) பயிற்சித் தேர்வு இரண்டையும் கடிகாரம் வைத்தே எழுதுங்கள். ஒவ்வொன்றும் 36 மணி நேரம் திறந்திருக்கும், நிஜத் தேர்வைவிடக் கடினமாகவே இருக்கும், மார்க் குறைந்தால் மனம் தளர வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்தைப் பரீட்சையாகவே எழுதிவிட்டு, மீதி நேரத்தில் எந்தக் கேள்விக்கு எத்தனை நிமிடம் போனது என்று பார்த்து, அதிகம் போனவற்றை மறுபடி மறுபடி செய்யுங்கள். முதல் தடவை பாஸாகவில்லையென்றால் இன்னொரு தடவை எழுத அதே கட்டணத்திலேயே வாய்ப்பு உண்டு, அதனால் தேர்வு முடிந்த அன்றே எந்தப் பகுதி நேரத்தைத் தின்றது என்பதைக் குறித்துவையுங்கள். பகுதியின் பெயர் மட்டும் போதும், கேள்விகளை எழுதிவைக்கவோ பகிரவோ விதிப்படி அனுமதி இல்லை.