பாடவேளை, ஆய்வேடு, வீடு: மேற்படிப்பில் சேரும் கணித ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பில் சேரும் கணித ஆசிரியரை முதலில் வாட்டுவது, இதற்கெல்லாம் நேரம் போதுமா என்ற கவலைதான். ஒரு பருவம் கடந்த பிறகு பெரும்பாலோருக்குத் தெரியவருவது வேறு. கிடைக்கும் நேரம் குறைவு என்பதைவிட, அது சிறுசிறு துண்டுகளாகவே கிடைக்கிறது என்பதே பெரிய தடை. இரண்டு பக்க நிறுவலை நான்கு இருபது நிமிடங்களில் படித்து முடிக்க இயலாது. ஒவ்வொரு முறை அமரும்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். விடைத்தாள்களையோ அதே இருபது நிமிடங்களில் கட்டுக்கட்டாகத் திருத்திவிடலாம். எனவே வேலைகளை அவற்றுக்குத் தேவைப்படும் துண்டின் நீளத்தைக் கொண்டு வகைப்படுத்துவதும், ஒரே உழைப்பு இரண்டு இடங்களில் பயன்படும்படி படிப்பையும் வகுப்பையும் இணைப்பதுமே இக்கட்டுரை கூறவிருக்கும் வழிமுறை.

சேர்வதற்கு முன்

பள்ளியின் நாட்காட்டியையும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியையும் ஒரே தாளில், வாரம் வாரமாக, அடுத்தடுத்த இரு வரிசைகளில் எழுதிப் பாருங்கள். பள்ளித் தேர்வுகளுக்கு வினாத்தாள் எடுக்கும் வாரமும் உங்கள் ஒப்படைப்புகளுக்கான கடைசி நாளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்கள் உடனே கண்ணில் படும். அந்த வாரங்களைச் சிவப்பில் குறித்து, வகுப்பில் எந்தச் செயல்திட்டமும் அவற்றில் முடிவுக்கு வராதவாறு முன்கூட்டியே விலக்கி வையுங்கள். மூன்றாவது வரிசையாக வீட்டின் நிகழ்வுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதியோரின் மருத்துவப் பரிசோதனை, பிள்ளைகளின் தேர்வு, வெளியூர்ப் பயணம் ஆகியவை பெரும்பாலும் மாதங்களுக்கு முன்பே தெரிந்தவைதாம். திட்டத்தில் இடம்பெறாததால்தான் அவை திடீரென்று வந்தவை போலத் தோன்றுகின்றன.

எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இந்த நிலையிலேயே முடிவாக வேண்டும். தூய கணிதத்தில் முதுநிலை படிப்பவருக்கு இடையறாத நீண்ட நேரம் அதிகம் தேவைப்படும். வகுப்பறை வேலையோடு நேரடித் தொடர்பு குறைவாக இருக்கும். கணிதக் கல்வியில் படிப்பவருக்கு வாசிப்பும் எழுத்தும் மிகுதி. ஆனால் அன்றாட வகுப்பே ஆய்வுக்களமாக அமையலாம். முழுநேரப் பணியும் வீட்டுப் பொறுப்பும் உள்ளவர் முதல் பருவத்தில் எத்தனை பாடங்கள் எடுக்கலாம் என்று கேட்டால், விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்ணிக்கை என்பதே என் பதில். கூட்டிக்கொள்வது எளிது, பாதியில் கைவிடுவது கட்டண இழப்பையும் மனச்சோர்வையும் சேர்த்தே கொண்டுவரும்.

நீண்ட துண்டும் குறுந்துண்டும்

சீரான தொடர்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு சார்பு தொடர்ச்சியானது என்பதற்கும் சீராகத் தொடர்ச்சியானது என்பதற்கும் உள்ள வேறுபாடு, டெல்டா (உள்ளீட்டில் அனுமதிக்கும் நெருக்கம்) என்பது எப்ஸிலானை (சார்பின் மதிப்பில் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு) மட்டும் சார்ந்திருக்கிறதா, எடுத்துக்கொண்ட புள்ளியையும் சார்ந்திருக்கிறதா என்பதில் அடங்கியிருக்கிறது. மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு சீராகவும் தொடர்ச்சியானது என்ற தேற்றத்தின் நிறுவலை முதன்முறை படிப்பதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம், கைப்பேசி வேறு அறையில் இருக்கும் ஒன்றரை மணி நேரம், வேண்டும். அதே தலைப்பில் வரையறையை மனத்திலிருந்து எழுதிப் பார்ப்பது, எல்லா மெய்யெண்களின்மீதும் எக்ஸ் வர்க்கம் ஏன் சீரான தொடர்ச்சியுடையதன்று என்பதற்கு எடுத்துக்காட்டு அமைப்பது, முந்தைய நாள் படித்த நிறுவலின் திருப்புமுனை எது என்பதை இரண்டு வரிகளில் குறிப்பது ஆகியவற்றை ஓய்வுப் பாடவேளையிலோ பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ செய்துவிடலாம்.

ஆகவே வாரத்தில் இரண்டு நீண்ட துண்டுகளை முதலில் நிறுத்தி, அவற்றில் நிறுவல்களையும் ஆய்வேட்டின் எழுத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் என்ற அறிவுரை மொழி கற்பவருக்குப் பொருந்தலாம். நிறுவல் படிப்பவருக்குப் பொருந்தாது. குறுந்துண்டுகளுக்கென்று ஒரு சிறு குறிப்பேடு கைவசம் இருக்கட்டும். ஒவ்வொரு நீண்ட அமர்வின் இறுதியிலும், அடுத்து எந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும், எது புரியவில்லை என்பதை அதில் எழுதிவிட்டு எழுந்தால், அடுத்த அமர்வின் முதல் கால் மணி நேரம் மிச்சமாகும்.

இரவை நீண்ட துண்டாகக் கருதுவோர் பலர். அவர்களுக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். எப்ஸிலான்–டெல்டா முறையின் கறார்த்தன்மைக்குப் பெயர் பெற்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ், 1840களின் தொடக்கத்திலிருந்து 1855 வரை பள்ளி ஆசிரியராகவே இருந்தார்; கணிதத்தோடு தாவரவியலும் உடற்பயிற்சியும் கையெழுத்தும்கூடக் கற்பித்தார். அந்நிலையிலேயே ஏபெலியச் சார்புகளைப் பற்றி அவர் 1854இல் வெளியிட்ட கட்டுரை, கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. இதை ஊக்கமூட்டும் கதையாகச் சொல்வோர், ஏறத்தாழ 1850 முதலே கடுமையான தலைசுற்றல் அவரைத் தொடர்ந்து தாக்கியதைச் சொல்வதில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் தேவை என்பதால், தூக்கத்தை வெட்டிப் படிப்பது கணக்கிலேயே இழப்புதான். விடியற்காலையோ மாலையோ, உடலுக்கு ஒத்துவரும் வேளையில் நீண்ட துண்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறைச் செயல்திட்டத்தைப் படிப்போடு இணைத்தல்

செயல்திட்டம் என்றாலே அட்டை, வண்ணத்தாள், கண்காட்சி என்று ஆகிவிட்ட இடங்களில் ஆசிரியரின் மாலை நேரம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். ஒரு பருவத்துக்கு ஒரே செயல்திட்டம், அதுவும் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பாடத்தைத் தொடும் ஒன்று என்று வரையறுத்துக்கொண்டால் போதும்.

உயரம் அளக்கும் செயல்திட்டத்தைப் பாருங்கள். கோணமானியின் நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் முனையில் சிறு எடையைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டினால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி கிடைத்துவிடும். குழலின் வழியே கட்டடத்தின் உச்சியைப் பார்த்து, நூல் காட்டும் அளவுக்கும் 90 பாகைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் குறிக்க வேண்டும். தொலைவை நாடாவால் அளந்து டேன்ஜென்ட்டால் பெருக்கிய பிறகு, தம் கண் உயரத்தைக் கூட்ட மறப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். இதுவரை இது வழக்கமான பாடம்.

உச்சி கண்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 20 மீட்டர் தொலைவில் நின்று 45 பாகை அளக்கும் மாணவர் ஒரு பாகை பிசகினால், விடை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தவறும். அவர் 10 மீட்டர் தொலைவுக்கு நெருங்கி வந்தாலோ, 40 மீட்டருக்கு விலகிச் சென்றாலோ அதே ஒரு பாகைப் பிசகு சுமார் 87 சென்டிமீட்டர் பிழையாகிறது. வகையிட்டுப் பார்த்தால், பிழை தொலைவையும், உயரத்தின் வர்க்கத்தைத் தொலைவால் வகுத்த ஈவையும் கூட்டிய தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தொலைவும் உயரமும் சமமாகும்போது அத்தொகை மிகச் சிறியதாகிறது. எங்கே நின்று அளப்பது நல்லது என்ற கேள்வி வகுப்புக்குச் சோதனையாகவும், பிழைப் பரவலை, அதாவது அளவீட்டுப் பிழை விடையில் எவ்வளவு பிழையாகிறது என்பதை, படிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சிக் கணக்காகவும், கணிதக் கல்வியில் ஆய்வு செய்பவருக்கு மாணவர்கள் அளவீட்டுப் பிழையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற ஆய்வு வினாவாகவும் அமைகிறது. ஒரு பிற்பகலின் உழைப்பு மூன்று இடங்களில் பயன்படுகிறது.

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருக் கோட்பாடு படிப்பவர், ஆய்லர் 1736இல் தீர்த்த கோனிக்ஸ்பர்க் பாலங்களின் புதிரை (ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நகரைச் சுற்றிவர முடியுமா என்பதை)ப் பள்ளி வளாகத்தின் வரைபடத்தில் செய்து பார்க்கலாம். நிகழ்தகவு படிப்பவருக்கு இணைகோடுகளின்மீது ஊசி வீசிப் பை எண்ணின் மதிப்பைக் கணிக்கும் பஃபானின் சோதனை இருக்கிறது. இவ்விணைப்பு எதிர்த்திசையிலும் நிகழக்கூடும்: இன்று வகுப்பறைகளில் பரவலாகப் பயன்படும் ஜியோஜீப்ரா மென்பொருள், மார்குஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் தம் முதுநிலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய வேலையே. அதைப் போலவே, ஆய்வேட்டுக்காகக் கற்கும், கணிதக் குறியீடுகளைச் சீராக அச்சிட உதவும் லேடெக் தட்டச்சு முறையை வினாத்தாள் எடுக்கவும் பயன்படுத்தினால், கற்ற நேரம் ஓராண்டுக்குள் திரும்பக் கிடைத்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். மாணவர்களின் விடைகளையோ உரையாடல்களையோ ஆய்வுத் தரவாகப் பயன்படுத்த எண்ணினால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான இசைவு ஆகியவற்றில் உங்கள் பல்கலைக்கழகம் கேட்பவை அனைத்தையும் செயல்திட்டம் தொடங்கும் முன்பே பெற்றுவிடுங்கள். முன்பே திரட்டிய தரவுக்குப் பின்னர் ஒப்புதல் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மொத்தத் தரவும் வீணாகிவிடும். பெயர்களுக்குப் பதிலாகக் குறியீடுகளை இடுங்கள். பங்கேற்க விரும்பாத மாணவரின் மதிப்பெண்ணுக்கு எந்தப் பாதிப்பும் இராது என்பதை இசைவுப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். மதிப்பெண் இடுபவரே ஆய்வாளராகவும் இருப்பதால் இது வெறும் சம்பிரதாயம் அன்று.

திருத்தும் வேலை

நாற்பது விடைத்தாள்களுக்குத் தலா ஐந்து நிமிடம் என்றால் மூன்று மணி இருபது நிமிடம். தேர்வுக்கு நாள் குறிக்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டு, அந்நேரம் வாரத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு தாளையும் முழுமையாகத் திருத்துவதைவிட, எல்லாத் தாள்களிலும் முதல் வினா, பின்னர் எல்லாவற்றிலும் இரண்டாம் வினா என்று செல்வது வேகமானது; மதிப்பெண்ணும் ஒரே சீராக விழும். எட்டுப் பத்துத் தாள்களுக்குள் அதே தவறுகள் திரும்ப வரத் தொடங்கிவிடும் என்பதால், அவற்றுக்கு அ, ஆ, இ என்று குறியிட்டு, விளக்கத்தைக் கரும்பலகையில் ஒரே முறை எழுதினால் போதும். செயல்திட்ட அறிக்கையை நால்வர் குழுவுக்கு ஒன்றாகக் கேட்டால், நாற்பது அறிக்கைகளுக்குப் பதிலாகப் பத்து மட்டுமே மேசைக்கு வரும். குழுவில் உழைக்காதவரைக் கண்டறிய, ஒவ்வொருவரிடமும் அறிக்கையிலுள்ள ஒரு வரியைச் சுட்டிக்காட்டி விளக்கச் சொல்வதே நம்பகமான வழி.

வீடு

வீட்டாரிடம் பொதுவாக ஒத்துழைப்புக் கேட்டால் பொதுவான தலையசைப்புதான் கிடைக்கும். “சனிக்கிழமை காலை 6 முதல் 9 வரை கதவு மூடியிருக்கும், அதற்குள் வரும் அழைப்புகளையும் பிள்ளைகளின் தேவைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று நாளும் மணியும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு வேலையை மற்றவரிடம் ஒப்படைப்பதாயின், அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். துணி துவைப்பவர் ஒருவர், சோப்பு தீர்ந்ததா என்று பார்ப்பவர் இன்னொருவர் என்றால் சுமை உங்கள் தலையிலிருந்து இறங்கவே இல்லை. இது பெரும்பாலும் பெண் ஆசிரியர்களுக்கு நேர்வது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுபுறம், மூடிய கதவு சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். நிறுவல் முடியும் தறுவாயில் இருந்தாலும், ஒன்பது மணிக்கு எழுந்துவிடுபவரின் அடுத்த சனிக்கிழமைக்கு வீட்டில் எதிர்ப்பு எழாது. விடைத்தாள் கட்டையும் பாடக் குறிப்பையும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையிலேயே வைத்துச் செய்யலாம். ஆய்வேட்டை அங்கே கொண்டு செல்லாதீர்கள். பெற்றோர்களின் செய்திகளுக்கு மறுமொழி சொல்லும் நேரத்தையும் ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பருவம் கைமீறும்போது

வாரத்தில் ஒரு துண்டைக் காலியாகவே விட்டுவைத்தால் ஒருநாள் காய்ச்சலும் எதிர்பாராத விருந்தினரும் அதற்குள் அடங்கிவிடும். அதையும் மீறினால் முதலில் செயல்திட்டத்தைச் சுருக்குங்கள்: கண்காட்சியை நீக்கிவிட்டு அளவீட்டையும் கணக்கீட்டையும் மட்டும் வைத்துக்கொண்டாலும் மாணவர் கற்பது குறையாது. அடுத்ததாக, வரும் பருவத்தின் பாட எண்ணிக்கையைக் குறையுங்கள். காலநீட்டிப்பு தேவைப்பட்டால், கடைசி நாள் கடந்த பிறகு காரணம் சொல்வதைவிட, இரண்டு வாரம் முன்னதாகவே நெறியாளரைச் சந்தித்து, முடிந்த அத்தியாயம், எஞ்சியுள்ள பகுதி, புதிதாக முன்மொழியும் தேதி ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் படிப்பை நிறுத்திவைக்கவும் வழியுண்டு. அதற்கான விண்ணப்பம் எந்த நாளுக்குள் சேர வேண்டும், நிறுத்திவைத்த பருவம் மொத்தப் படிப்புக் காலத்தில் கணக்கிடப்படுமா, கட்டிய கட்டணம் அடுத்த பருவத்துக்குச் செல்லுமா என்பவற்றைச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு, அந்த மூவரிசை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.