குழலை மாற்றும் முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள்

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் குண்டுகள் சிதறி விழுந்தால், புதிய குழலுக்குப் பணம் கொட்டாதீர்கள். தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று அச்சிட்ட பெல்லட் (சிறு ஈயக்குண்டு) டப்பாக்களில் ஒவ்வொன்று வாங்கி, ரைஃபிளைத் தாங்கியில் இறுக்கி வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஒரே தயாரிப்பின் குழல்களிலும் உள்விட்டம் மயிரிழை மாறும். அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஈயக்குண்டுதான் ஒரே துளையில் திரும்பத் திரும்ப விழும். இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான், இந்த வித்தியாசம் அங்கே மிகப் பெரிது. பொருந்திய டப்பாவின் தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது.

குறிபார்க்கும் கருவியின் திருகு தளர்ந்திருந்தால் முதலில் அதை இறுக்குங்கள். நிற்கும் நிலையே பழகாத புதியவருக்கு இந்தச் சோதனை இப்போதைக்குத் தேவையில்லை.