ஜேஎஃப்எஃப்எஸ்2: நினைவகத்தில் ஐநோடைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிளாஷ் நினைவகத்துக்கான லினக்ஸின் ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமையில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் நினைவகச் செலவைக் கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அங்கேயே சறுக்கல் தொடங்குகிறது. ஃபிளாஷில் கிடக்கும் ஒவ்வொரு நோடுக்கும் (ஒரு முறை எழுதப்பட்ட பதிவு) அதன் இடத்தைக் காட்டும் ஒரு 'ரா நோட் ரெஃப்' ரேமில் இருந்தாக வேண்டும். புதிய தரவு வந்து நோட் காலாவதியானாலும், அதன் பிளாக் (ஃபிளாஷில் ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதி) அழிக்கப்படும்வரை ரெஃப் போகாது. 32 பிட் கருவியில் அதன் அளவு 8 பைட். 64 எம்பி ஃபிளாஷில் நோட் சராசரியாக 2 கேபி என்றால் 32,768 நோடுகள், ரெஃபுகளுக்கு மட்டும் 256 கேபி. வசதிக்காக 4 பைட் புலம் ஒன்றைச் சேர்த்தாலே இன்னொரு 128 கேபி போய்விடும். நோட் எந்த ஐநோடை (ஒரு கோப்பைக் குறிக்கும் பதிவு) சேர்ந்தது என்று அறிய ஐநோட் எண்ணைச் சேர்க்கவே வேண்டாம். ரெஃபுகளின் தொடர் ரேமில் அந்த ஐநோடுக்கான சிறு பதிவான கேஷ் அமைப்பில்தான் போய் முடிகிறது.

ரெஃபில் உள்ள ஃபிளாஷ் முகவரியை அப்படியே எடுக்காதீர்கள். நோடுகள் 4 பைட் எல்லையில் தொடங்குவதால் முகவரியின் கடைசி இரண்டு பிட்களில் நோடின் நிலை வைக்கப்பட்டிருக்கிறது. 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்பதன் மதிப்பு 0. ஆகவே மவுன்ட் செய்தவுடன் தவறான கோடும் சரியாகவே ஓடும். சரிபார்ப்பு முடிந்து மதிப்பு 2 அல்லது 3 ஆனபின் படிக்கும் இடம் தள்ளிப்போகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஃபிராக் எண்ணிக்கையை (ஒரு நோடில் இன்னும் உயிரோடு இருக்கும் துண்டுகள் எத்தனை என்பதை) மறப்பது. 4096 பைட் நோட் ஒன்றின் நடுவில் 1000 பைட் புதிதாக எழுதுகிறீர்கள். பழைய நோட் இப்போது இடமும் வலமுமாக இரண்டு ஃபிராக். எண்ணிக்கை 2 ஆக வேண்டும். 1 ஆகவே விட்டால், பிறகு யாராவது இடப்பக்கத்தை மேலெழுதும்போது அது 0 ஆகி, முழு நோடும் காலாவதி என்று குறிக்கப்படும். வலப்பக்கத் தரவு உயிரோடு இருக்கும்போதே பிளாக் அழிக்கப்படலாம். சோதனைக்கு முழுக் கோப்பை எழுதிப் படித்தால் இது பிடிபடாது. நடுவில் எழுதி, காலாவதியான இடத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்‌ஷனை ஓடவிட்டுப் பாருங்கள்.

ஃபிராக்குகளை அடுக்கி வைக்கும் மரம் ரேமில் ஐநோட் இன்ஃபோ என்ற அமைப்பில் இருக்கிறது. ஐநோட் பயன்பாட்டில் இல்லாதபோது கெர்னல் அதை எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம். நிரந்தரமாக வேண்டியதை அதில் வைக்காதீர்கள்.

ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகளில் விதி கடுமையானது: ஐநோடின் பூட்டைப் பிடித்துக்கொண்டு இட ஒதுக்கீட்டுப் பூட்டைக் கேட்கக் கூடாது. கலெக்‌ஷன் ஒதுக்கீட்டுப் பூட்டை முதலில் பிடித்துவிட்டு ஐநோடின் பூட்டுக்காகக் காத்திருக்கும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நின்றுவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஐநோடுகளின் பூட்டையும் பிடிக்கக் கூடாது.