ஸ்கோப் மாட்டிய ஏர் ரைபிள்: முதல் தடவை ஜீரோ பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்கு இரண்டு பையன்கள் புது ஏர் ரைபிளோடு வந்தார்கள். ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியை மாட்டி ஜீரோ பார்க்க வேண்டுமாம், அதாவது அதன் குறுக்குக்கோடு காட்டுகிற இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்ய வேண்டுமாம். தள்ளி நின்று அரை மணி நேரம் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்து அத்தனையும் வரிசை மாறாமல் நடந்தது. துப்பாக்கியை ஆள் பக்கம் திருப்பாதே என்பது போன்ற சங்கதிகள் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

வேட்டைக்கா?

இல்லை. 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். முயலும் கொக்கும் குறி இல்லை, வட்டம் போட்ட காகித அட்டை போதும்.

ஒரு குண்டுக்கு ஒரு திருகு

ஒரு குண்டு இடப்பக்கம் போனதும் ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழைத் திருகுகிறார்கள். அடுத்தது மேலே போனால் இன்னொரு திருகு. தப்பு ஸ்கோப்பிலா கையிலா என்று ஒரு குண்டு சொல்லாது. குமிழைத் தொடாமல் ஐந்து சுடுங்கள். ஐந்தும் சேர்ந்து விழுந்த இடத்தின் நடுவை வைத்துத் திருகுங்கள். ஐந்தும் ஐந்து திசையில் கிடந்தால் குமிழுக்கு அங்கே வேலையே இல்லை.

ஸ்கோப் நடக்கிறது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, காசு போனது இதில்தான்.

என்னுடையது ஸ்பிரிங் துப்பாக்கி. சாயங்காலம் இருபது மீட்டரில் அழகாக ஜீரோ செய்து வைப்பேன். மறுநாள் இருபது குண்டு தாண்டுவதற்குள் எல்லாம் இடம் மாறியிருக்கும். திருகுவேன், சரியாகும், மறுபடி மாறும். ஒரு டப்பா பெல்லட், அதாவது ஈயக் குண்டு, காலி. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, கடையில் சண்டை போட்டு, முதல் ஸ்கோப்பைவிட அதிக விலைக்கு இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே கூத்து.

பக்கத்துப் பட்டறையில் தறி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். அவருக்குத் துப்பாக்கி தெரியாது, இரும்பு தெரியும். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுன்ட்டுக்கு முன்னால், அது மாட்டியிருக்கும் துப்பாக்கித் தண்டவாளத்தில் புதிதாகப் பளபளத்த கீறலைத் தொட்டுப் பார்த்தார். “தம்பி, இது பின்னால நகருதுப்பா” என்றார். மவுன்ட்டின் பின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். பத்து குண்டு சுட்டேன். கோட்டைக் காணோம், மவுன்ட் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் போய் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னால் எகிறும். ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் வரும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்பாக இருந்தால், இந்த முன் எகிறலில் உள்ளே குறுக்குக்கோடே அறுந்துபோகும். ஆகவே ஏர்கனுக்கென்று செய்த ஸ்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். தண்டவாளத்தின் பின் பக்கம் ஒரு குழி இருக்கும், மவுன்ட்டின் நிறுத்துக் குச்சி அதற்குள் இறங்க வேண்டும். என் மவுன்ட்டில் அந்தக் குச்சி இருந்தது. நான்தான் அதை மேலே தூக்கிவிட்டு மாட்டியிருந்தேன்! மாட்டும் முன் தண்டவாளத்து எண்ணெயைத் தின்னரால் துடையுங்கள். மவுன்ட்டின் வளைய ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். வெறியோடு முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

அந்தப் பையன்களுக்கும் கோடு கிழித்துக் கொடுத்தேன். ஏழாவது குண்டில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளிக் கணக்கு

குமிழ் ஒரு தடவை ‘கிளிக்’ என்றால் குறி கால் அங்குலம் நகரும் என்று ஸ்கோப் பெட்டியில் போட்டிருப்பது நூறு கஜத்துக்கு. இருபது மீட்டரில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. மூன்று சென்டிமீட்டர் நகர்த்த இருபத்திரண்டு கிளிக் வேண்டும். மூன்று கிளிக் திருகிவிட்டு “வேலை செய்யலைண்ணா” என்றால் நான் என்ன செய்ய?

இறுக்கிப் பிடிப்பது

ஸ்பிரிங் துப்பாக்கியை நேரே மேஜை மேலோ மூட்டை மேலோ அழுத்தாதீர்கள். மூட்டை மேல் உங்கள் உள்ளங்கை, கை மேல் துப்பாக்கி. அது தன் இஷ்டத்துக்கு உதைக்கட்டும்.

பாறைக்கு முன்னால் அட்டை

கூடாது. ஈயம் திரும்பி வரும். பழைய ஜவ்வரிசிச் சாக்கில் மணல் நிரப்பி வையுங்கள்.

காற்று

பெல்லட்டின் எடை அரை கிராம்தான். மாவிலை ஆடினால் குமிழைத் தொடாதீர்கள், காலை ஏழு மணிக்கு வாருங்கள்.