மேடு தெரிந்தால் ஸ்கிர்மியானா? இடவியல் காந்தப் பொருள்களில் செய்யக்கூடாத தவறுகள்

கும்பகோணம், திருவாரூர் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டு, ப்ராஜெக்டுக்கு இடவியல் காந்தப் பொருள்களை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ‘இடவியல்’ என்ற சொல். நம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழை தடித்தாலும் வளைவு கோணலானாலும் சிக்கு மாறாது; இழையை அழித்து வேறு மாதிரி இணைத்தால்தான் மாறும். ஸ்கிர்மியான் என்பது சில காந்தப் பொருள்களுக்குள் உருவாகும் நுண்ணிய காந்தச் சுழி; அதுவும் அப்படித்தான். நடுவில் கீழ்நோக்கிய காந்தத் திசை, விளிம்புக்குப் போகப் போகச் சுழன்று மேல்நோக்கித் திரும்பிவிடும். ஆடிப்பெருக்கில் காவிரியில் விழும் சுழி போலத் தோன்றும், ஆனால் அங்கே எதுவும் ஓடுவதில்லை. திசை மட்டும்தான் சுற்றுகிறது. 2009இல் மாங்கனீஸ் சிலிசைடில் நியூட்ரான் சிதறல் மூலம் இதைக் கண்டார்கள். “இடவியல் பாதுகாப்பு இருப்பதால் அழியாது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிகத்தில் திசைகள் தனித்தனி அணுக்களில் இருக்கின்றன. போதிய வெப்பம் கிடைத்தால் இழை அறுந்துவிடும். அந்தப் பாதுகாப்பு ஓர் ஆற்றல் தடை, அவ்வளவுதான்.

நான் அதிகம் கவலைப்படுவது ஹால் அளவீட்டைப் பற்றி, அதாவது காந்தப் புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே உண்டாகும் மின்னழுத்தத்தை அளப்பதைப் பற்றி. புலத்தைப் பின்தொடரும் சாதாரண ஹால் பகுதியையும், பொருளின் காந்தமாக்கத்தைப் பின்தொடரும் அசாதாரண ஹால் பகுதியையும் கழித்த பிறகு வரைபடத்தில் ஒரு மேடு மிஞ்சுகிறது. உடனே “இடவியல் ஹால் விளைவு, ஆகவே ஸ்கிர்மியான்” என்று முடித்துவிடுகிறோம். ஸ்கிர்மியானின் சுழற்சி எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் திருப்புவதால் வரும் கூடுதல் மின்னழுத்தம்தான் இடவியல் ஹால் விளைவு. ஆனால் அவசரம் வேண்டாம். மெல்லிய படலத்தின் தடிமன் சீராக இல்லாவிட்டால், ஒரு பகுதியின் அசாதாரண ஹால் நேர்க்குறியிலும் இன்னொன்றினுடையது எதிர்க்குறியிலும் இருக்கலாம். காந்தம் புரளும் புலமும் இரண்டுக்கும் வேறுபடலாம். இரண்டையும் கூட்டினால் அச்சு அசலாக அதே மேடு வரும். ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் படலங்களைப் பற்றி இந்த வாதம் பலமாக நடந்தது. இன்னொரு பொறி: ஹாலை ஒரு துண்டிலும் காந்தமாக்கத்தை வேறு வடிவத் துண்டிலும் அளப்பது. வடிவம் மாறினால் உள்ளே இருக்கும் புலமும் மாறும். கழித்தலே பொய் மேட்டை உண்டாக்கும். ஒரே துண்டில் அளந்து, வடிவத் திருத்தம் செய்யுங்கள். அப்புறம் நியூட்ரான் சிதறலோ காந்தத் திசைகளைப் படமாக்கும் லோரன்ஸ் மின்னணு நுண்ணோக்கியோ சுழியைக் காட்டட்டும். அதுவரை “இருக்கக்கூடும்” என்றே எழுதுங்கள்.

காந்தமாக்கம் பெரிதாக இருந்தால்தான் அசாதாரண ஹால் பெரிதாகும் என்பதும் தவறு. மாங்கனீஸும் வெள்ளீயமும் சேர்ந்த மாங்கனீஸ்-3-டின் ஓர் எதிர்ஃபெர்ரோ காந்தம். அணுக்களின் காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் நிகரக் காந்தமாக்கம் மிக மிகச் சிறியது. ஆனாலும் அறை வெப்பநிலையிலேயே பெரிய அசாதாரண ஹால் விளைவு அதில் உண்டு என்று 2015இல் காட்டினார்கள். எலக்ட்ரான் பட்டைகளின் வடிவியல்தான் அங்கே வேலை செய்கிறது.

இப்படிப்பட்ட நுண்ணிய சிக்னலை அளக்கும்போது அழுக்கு பெரிய எதிரி. சின்ன வயதில் காவிரி மணலில் காந்தத்தை இழுத்தால் கருந்துகள் மீசை போல ஒட்டிக்கொள்ளுமே, அதில் ஒரு துகள் போதும் உங்கள் வரைபடத்தைக் கெடுக்க. இரும்பு இடுக்கியைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் இடுக்கியே நல்லது. 50 கெல்வின் பக்கத்தில் சின்னக் குமிழ் தெரிந்தால் புதிய காந்த மாற்றம் என்று நினைப்பதற்கு முன், மாதிரி வைக்கும் அறைக்குள் கசிந்து உறைந்த ஆக்ஸிஜனா என்று பாருங்கள். காந்தப் புலம் இல்லாமல் மாதிரியைக் குளிர்விக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: அதிக புலத்துக்குப் போய் வந்த மீக்கடத்திக் காந்தத்தில், திரை பூஜ்யம் காட்டினாலும் சில பத்து அயர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு) வரை மிச்சம் நிற்கும். புலத்தை ஊசலாட்டிக் குறைத்துக்கொண்டே வந்து, அதற்குப் பிறகு குளிர்வியுங்கள்.